கத்தரிக்கோல் சேரும் எங்கள் கொம்பைலரும்

அப்பா வள்ளத்துப் பற்றரியைத் தோளில் தூக்கிக்கொண்டு மணலில் முன்னே நடந்தார். நான் லப்டொப்பை நெஞ்சோடு அணைத்தபடி பின்னால் ஓடினேன். பேசாலைக் கடற்கரையில் காலை பத்து மணி. கரண்ட் போய் ஐந்து நிமிடம் ஆகியிருந்தது. வைவா, அதாவது வாய்மொழிச் சோதனை, பத்தே முக்காலுக்கு.

வீட்டில் தொலைபேசிக்குச் சிக்னல் ஒரு கோடுதான் காட்டும். வாடியில் மூன்று கோடு. வாடி என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். நாலு தடி, கிடுகுக் கூரை, உள்ளே வலைக் குவியலும் மீன்பெட்டிகளும். அப்பா பற்றரியை இறக்கி, இன்வேட்டரைக் கொழுவி, லப்டொப் வயரைச் செருகினார். பச்சை வெளிச்சம் வந்தது. எனக்கு அப்போதுதான் மூச்சும் வந்தது.

"எவ்வளவு நேரம் நிக்குமப்பா?"

"ஜிபிஎஸ்ஸுக்கும் லைற்றுக்கும் ஒரு ராவுக்குக் காணும். உன்ர மெசின் எவ்வளவு குடிக்குமெண்டு எனக்கென்ன தெரியும்?"

அவர் வெறும் கானைத் தூக்கிக்கொண்டு, வள்ளத்து எஞ்சினுக்கு மண்ணெண்ணெய் வாங்கும் வரிசைக்குப் போய்விட்டார். சோதனை எப்படி என்று ஒரு சொல் கேட்கவில்லை. எங்கள் கரையில் தொழிலுக்கு இறங்குகிறவரிடம் எங்கே போகிறீர்கள், எவ்வளவு மீன் படும் என்று யாரும் கேட்பதில்லை. அந்த மரியாதையை அன்று எனக்கும் தந்தார்.

அது மண்ணெண்ணெய் இல்லாத வருசம். பெற்றோல் இல்லை, டீசல் இல்லை, காஸ் இல்லை. பல்கலைக்கழகம் எங்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, பாடங்களையும் சோதனைகளையும் தொலைபேசி வழியே பின்னால் அனுப்பிவைத்தது. நாட்டை ஏ, பி என்று எழுத்து எழுத்தாகப் பிரித்து மின்வெட்டு நடந்தது. எங்கள் ஊருக்கு ஓர் எழுத்து, என் தோழி ரிஸ்னாவின் மறிச்சுக்கட்டிக்கு இன்னோர் எழுத்து. மன்னார்த் தீவின் தெற்குக் கரையில் காற்றாலைகள் மட்டும் ஒரு குறையுமில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தன. அவற்றைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. கரண்ட் போய் ஒரு மணித்தியாலம் தாண்டினால் தொலைபேசிக் கோபுரத்தின் பற்றரியும் படுத்துவிடும். அதாவது பதினொன்றுக்குப் பிறகு எனக்கு உலகத்தோடு தொடர்பு இருக்குமா என்பது ஆண்டவருக்குத்தான் வெளிச்சம்.

கத்தரிக்கோல்

கொம்பைலர் என்றால் என்ன என்று, இந்தத் தொடரின் போன அத்தியாயத்தை வாசித்த ஒருவர் கேட்டு எழுதியிருந்தார். நாம் ஓரளவு மனிதர் பேச்சுப் போல எழுதுகிற நிரலை, யந்திரத்துக்கு விளங்கும் கட்டளைகளாக மாற்றித் தருகிற இன்னொரு நிரல். அவ்வளவுதான். மூன்றாம் வருடத்தில் அதை நாங்களே கட்ட வேண்டும், இரண்டு பேருக்கு ஒன்று.

வேலை இரண்டாகப் பிரியும். முன்பாதி, எழுதியிருப்பதை வாசித்து, எதோடு எது சேரும் என்று விதிப்படி ஒரு மரம்போல அடுக்கும். பின்பாதி, அந்த மரத்தைப் பார்த்துக் கட்டளைகளை எழுதும். முன்பாதி என்னுடையது. பின்பாதி ரிஸ்னாவுடையது.

எங்களுக்கு அதைப் படிப்பித்த சேருக்குக் கத்தரிக்கோல் என்று பெயர் வைத்திருந்தோம். காரணம் அவருடைய வைவா. நாங்கள் அனுப்பிய கொம்பைலரில் ஏதாவது ஒரு வரியை வெட்டி எடுத்துவிட்டு, வைவா தொடங்கும்போது திருப்பி அனுப்புவார். கூடவே அதில் ஓடாத ஒரு சோதனை நிரலும் வரும். இருபது நிமிடத்துக்குள் எங்கே என்ன போனது என்று கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். முப்பது வரியென்றால் பரவாயில்லை. எங்களுடையது இரண்டாயிரத்துக்கு மேல்.

"ஓடுதெண்டு சொல்லாதேங்கோ. ஏன் ஓடுதெண்டு சொல்லுங்கோ." முதல் நாள் வகுப்பிலேயே இதைச் சொல்லிவிட்டார். காசு கொடுத்து யாரையாவது கொண்டு எழுதுவித்து வருகிறவர்களை அவர் இப்படித்தான் பிடித்தார். சீனியர் ஒருவர் தன் பெயரில் இருந்த கொம்பைலரைப் பார்த்து, இது யாருடையது என்று கேட்டதாகவும் ஒரு கதை உண்டு.

ஒரேயொரு சட்டம் வைத்திருந்தார். வைவா நடக்கும்போது உங்களிடம் இருக்கிற அசல் பிரதியைத் திறக்கக்கூடாது. திறந்தால் சோடியில் இரண்டு பேருக்கும் பூச்சியம். அடுத்த வருசம் ஜூனியர்களோடு இருந்து திரும்பவும் படிக்க வேண்டும்.

எனக்கு அடுத்த வருசம் என்பது வெட்கம் மட்டும்தான். ரிஸ்னாவுக்கு அப்படியில்லை. கொழும்பில் ஒரு கொம்பனியில் அவளுக்குப் பயிற்சி இடம் கிடைத்திருந்தது. இந்தப் பாடம் சித்தியென்றால் அடுத்த மாதம் போகலாம். இல்லையென்றால் இடம் இன்னொருவருக்கு.

நானாட்டான் கடை

ரிஸ்னாவையும் என்னையும் சோடி சேர்த்தது மன்னார் என்ற ஒரு சொல்தான். முதல் வருடம் விரிவுரையாளர் எந்த ஊர் என்று ஒவ்வொருவராகக் கேட்டபோது இரண்டு பேரும் மன்னார் என்றோம். அவள் உடனே திருத்தினாள். "நான் மன்னார்தான், ஆனா பிறந்தது புத்தளத்தில." அவளுடைய வாப்பாவும் உம்மாவும் சின்ன வயதில், முஸ்லிம்கள் என்பதற்காக, ஒரே இரவில் ஊரை விட்டுப் போகச் சொல்லப்பட்டவர்கள். இருபது வருடத்துக்குப் பிறகு மறிச்சுக்கட்டிக்குத் திரும்பிக் காட்டை வெட்டி வீடு கட்டினார்கள். அதைப் பற்றி அவள் அதிகம் பேச மாட்டாள். நானும் கேட்க மாட்டேன். போகச் சொன்னவர்கள் என் சனத்தின் பெயரால் துவக்குத் தூக்கியவர்கள் என்பதால் எனக்குக் கேட்க வாய் வராது.

அவள் எதையும் இரண்டு தரம் சரிபார்ப்பாள். விடுதியில் கதவைப் பூட்டிவிட்டு, படியிறங்கி, திரும்பி ஏறிப் பூட்டை ஒருக்கால் இழுத்துப் பார்ப்பாள். எனக்கு எரிச்சலாக இருக்கும். நான் ஒருமுறை செய்தால் செய்ததுதான் என்று நினைக்கிற ஆள்.

கொம்பைலரின் இரண்டு பாதியையும் ஒட்ட நாங்கள் நானாட்டானில் சந்தித்தோம். எனக்கும் அவளுக்கும் நடு வழி அதுதான். பிரதேச செயலகத்துக்குப் பக்கத்தில் ஒரு போட்டோக் கொப்பிக் கடை. டீசல் வரிசையில் நின்ற உழவு யந்திரங்கள் கடை வாசலை மறித்துக்கொண்டு நின்றன. கடைக்கார அண்ணன் ஒரு பிளக்கையும் இரண்டு கதிரையையும் தந்து, "கரண்ட் இருக்கும்வரைக்கும் இருங்கோ பிள்ளையள்" என்றார்.

ஒட்டினோம். ஓடியது. கூட்டிப் பார்த்தோம், சரி. கழித்துப் பார்த்தோம், சரி. நான் எழும்பிக் கத்தாத குறை.

ரிஸ்னா தண்ணீர்ப் போத்தலை மூடிக்கொண்டே கேட்டாள். "அடுத்தடுத்து ரெண்டு தரம் கழிச்சுப் பாத்தியா?"

"ஓம், வீட்டிலயே பாத்தனான்."

"உண்மையா?"

"என்னடி, என்ர பாதியில உனக்கு நம்பிக்கை இல்லையா?"

பார்க்கவில்லை. பார்த்திருக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. ஆனால் கேட்ட விதம் எனக்குச் சுட்டது. முன்பாதிதான் கஷ்டமான பாதி, அதை எடுத்தவள் நான் என்று எனக்குள்ளே ஒரு பெருமை இருந்தது. பஸ் ஏறும்போது போதாக்குறைக்கு அவளிடம், "நீ உன்ர பாதியை இன்னொருக்காப் பாரன்" என்று வேறு சொல்லிவிட்டுப் போனேன்.

இந்த அத்தியாயத்தில் என்மேல் கோபிக்க உரிமை உள்ளவள் அவள் ஒருத்திதான். ஆகவே பத்திரிகைக்குக் கொடுக்க முன்னர் அவளுக்கு அனுப்பினேன். "போடு" என்று ஒரு சொல் பதிலாக வந்தது.

ஒன்பது

பத்தே முக்காலுக்குச் சேரின் குரல் வந்தது. மறிச்சுக்கட்டியிலிருந்து ரிஸ்னாவும் அதே அழைப்பில் இருந்தாள். முகங்கள் இல்லை. என் பக்கச் சிக்னல் படத்தைத் தாங்கவில்லை. வைவா ஆங்கிலத்தில் நடக்க வேண்டும் என்பது விதி. ஆனால் சொல் பாதி பாதியாக வெட்டுப்பட்டதால் அவரே தமிழுக்கு வந்துவிட்டார்.

"ஸ்க்ரீன் காட்ட வேண்டாம். லைன் நிக்காது. குரல் காணும்."

"சேர், நாங்கள் அசலைத் திறக்கேல்லை எண்டு உங்களுக்கு எப்படி..." என்று ரிஸ்னா தொடங்கினாள். அவள் அப்படித்தான். பூட்டைத் திரும்ப வந்து இழுத்துப் பார்க்கிறவள்.

"நம்புறன்," என்றார்.

மின்னஞ்சலில் கொம்பைலரும் சோதனை நிரலும் வந்து இறங்க மூன்று நிமிடம் பிடித்தது. ஓட்டினேன். சோதனை ஒரே ஒரு கணக்குத்தான். பத்திலிருந்து நாலைக் கழித்து, அதிலிருந்து மூன்றைக் கழிக்க வேண்டும். மூன்று வர வேண்டிய இடத்தில் ஒன்பது வந்தது.

"இது ஏன் பிழைக்குது? இருபது நிமிசம்," என்றார் சேர். வேறொன்றும் சொல்லவில்லை.

வாடிக்குள் ஒரு கழுதை தலையை நீட்டி முழு மூச்சோடு கத்தியது.

"அது என்ன சத்தம்?"

"கழுதை, சேர்."

"சரி. அதின்ர நேரத்தைக் கழிச்சுவிடுறன்."

வேறு நாளென்றால் சிரித்திருப்பேன். மீன்பெட்டியில் இருந்தபடி சோதனையைத் திரும்ப ஓட்டினேன். திரும்பவும் ஒன்பதுதான்.

"கழிக்கிற கட்டளை எழுதுற இடத்திலதான் போயிருக்க வேணும். என்ட பாதி. நான் தேடுறன்," என்றாள் ரிஸ்னா. வரி வரியாக வாய்விட்டு வாசிக்கத் தொடங்கினாள். நானும் அவளுடைய பாதியைத் திறந்தேன். என் பாதியைத் திறக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அவளுடைய பாதி எனக்கு ஒழுங்காக விளங்கியதும் இல்லை. நானாட்டானில் அவள் விளக்கியபோது தலையைத் தலையை ஆட்டினேன், அவ்வளவுதான். எட்டு நிமிடம் போனது. பத்து. சிக்னல் மூன்று கோட்டிலிருந்து இரண்டானது. பன்னிரண்டாவது நிமிடம் அது ஒன்றானது. ரிஸ்னா வாசித்த வரிகளையே திரும்பவும் வாசித்தாள்.

"சேர், கொஞ்சம் பொறுங்கோ. என்ட பிழைதான். கண்டுபிடிச்சிடுவன்."

அசல் பிரதி பக்கத்து ஃபோல்டரில்தான் இருந்தது. இரண்டையும் ஒப்பிட ஒரு கட்டளை போதும். ஒரு வரி தட்டினால் வெட்டிய வரி எதுவென்று முகத்துக்கு நேரே சொல்லிவிடும். கமெரா இல்லை. ஸ்க்ரீன் இல்லை. கழுதை மட்டும்தான் பார்த்துக்கொண்டு நின்றது.

தட்டினேன்.

வாய் திறக்காத கட்டளை

அந்தக் கட்டளைக்கு ஒரு குணம். இரண்டு பிரதிக்கும் வித்தியாசம் இருந்தால் இடம் சுட்டிச் சொல்லும். ஒன்றும் இல்லையென்றால் வாயே திறக்காது.

வாய் திறக்கவில்லை.

திரும்பத் தட்டினேன். கட்டளை எழுதுகிற கோடு மட்டும் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு நின்றது. சேர் ஒன்றையும் வெட்டவில்லை. அவர் அனுப்பியதும் எங்களுடையதும் ஒரே கொம்பைலர். அது முதலிலிருந்தே பிழை.

அப்போதுதான் அந்த ஒன்பதைச் சரியாகப் பார்த்தேன். பார்த்தவுடன் விளங்கிவிட்டது. அதுதான் இன்னும் கேவலம்.

அம்மாவிடம் பத்து நண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலைப் பெரியம்மாவுக்குக் கொடுக்கிறா. பிறகு மூன்றை அடுத்த வீட்டுக்கு. சட்டியில் மிச்சம் மூன்று. எங்கள் கொம்பைலர் என்ன செய்ததென்றால், பெரியம்மாவின் நாலிலிருந்து மூன்றைப் பறித்துவிட்டு, மிஞ்சிய ஒன்றை மட்டும் எங்கள் சட்டியிலிருந்து கழித்தது. ஆகவே ஒன்பது. இடப்பக்கமிருந்து சேர்க்க வேண்டியதை வலப்பக்கமிருந்து சேர்த்திருந்தது. எதோடு எது சேரும் என்ற விதியை எழுதியது யார்? நான்தான். ஒருமுறை கழித்தால் இந்தப் பிழை தெரியாது. அடுத்தடுத்து இரண்டு தரம் கழித்தால்தான் தெரியும்.

காதுக்குள் ரிஸ்னா இன்னும் தன் வரிகளை வாசித்துக்கொண்டிருந்தாள். முன்னூற்றுச் சொச்சமாவது வரி. பிழையில்லாத வரிகள். நான் பார்த்தேன் என்று சொன்னதை நம்பி, என் பாதிப் பக்கமே போகாமல் அவள் தன்னுடையதைக் கிண்டிக்கொண்டிருந்தாள். எனக்கு அழுகை வந்தது. வெட்கத்தில் வந்த அழுகை, வேறொன்றுமில்லை.

விதியை மாற்றினேன். ஏழு வரி. அவசரத்தில் ஓர் அடைப்புக்குறியை விட்டுவிட்டுத் திரும்பப் போட்டேன். ஓட்டினேன். மூன்று வந்தது.

"சேர், கண்டுபிடிச்சிட்டன். பிழை என்ர பாதியில. கழித்தலை வலப்பக்கத்தில இருந்து சேர்க்குது. மாத்திட்டன். இப்ப மூண்டு வருது."

ரிஸ்னா வாசிப்பதை நிறுத்தினாள்.

சேர் கேட்டார். "இண்டைக்கு வந்த எல்லாரும் வெட்டின வரியைத்தான் தேடினவை. நீங்கள் என்னெண்டு உங்கட விதியிலயே பிழை இருக்குமெண்டு நினைச்சனீங்கள்?"

அதை நான் நினைக்கவேயில்லை. அதுதான் உண்மை. என்ன துணிச்சல் வந்ததோ, வாய் தானாகத் திறந்தது.

"சேர், நான் அசலோட ஒப்பிட்டுப் பாத்திட்டன். ரெண்டும் ஒண்டுதான் எண்டு காட்டினது. அதாலதான் தெரியும்."

இரண்டாம் தரம்

ஒரு சத்தமும் இல்லை.

"சேர்?"

தொலைபேசியைப் பார்த்தேன். சேரின் பெயர் இருந்த வட்டத்தைக் காணவில்லை. ரிஸ்னாவின் வட்டம் இருந்தது, ஆனால் அதைச் சுற்றி ஒரு வளையம் சுழன்றுகொண்டிருந்தது. என் சிக்னல் ஒரு கோட்டுக்கும் ஒன்றுமில்லாததுக்கும் நடுவில் நின்றது. யாருக்குக் கேட்டது, யாருக்குக் கேட்கவில்லை என்று எனக்குத் தெரியாது. ரிஸ்னா என்று கூப்பிட்டேன். பதில் இல்லை.

லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு வாடிக்கு வெளியே ஓடினேன். வயர் பின்னால் இழுத்தது. தொலைபேசியைக் கைநீட்டித் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். சோளகக் காற்று மணலை அள்ளி முகத்தில் அடித்தது.

எவ்வளவு நேரமோ தெரியாது. சேர் திரும்பி வந்தார்.

"மன்னிக்க வேணும். இங்கயும் கரண்ட் போயிட்டுது. றூட்டர் நிண்டிட்டுது, இப்ப போனில கதைக்கிறன். ரெண்டு பேரும் இருக்கிறீங்களா?"

"இருக்கிறன், சேர்," என்றாள் ரிஸ்னா. குரலில் ஒன்றும் தெரியவில்லை.

"ஜெசிந்தா, சொல்லுங்கோ. எப்பிடிக் கண்டுபிடிச்சனீங்கள் எண்டு கேட்டனான். அதுக்குப் பிறகு ஒண்டும் கேக்கேல்லை."

முதல் தரம் சொன்னபோது நான் யோசிக்கவில்லை. அதனால்தான் சொன்னேன். இப்போது யோசிக்க எனக்கு நேரம் கிடைத்திருந்தது. வரிசையில் வெறும் கானோடு நிற்கிற அப்பா, கோயிலில் மெழுகுதிரி கொளுத்திவிட்டு வந்த அம்மா, ஜூனியர்களோடு பின்வாங்கில் இருக்கப்போகிற நான் எல்லாரும் ஒன்றாகக் கண்ணுக்கு முன்னால் வந்தார்கள். அந்தக் கணத்தில் ரிஸ்னா அந்த வரிசையில் இல்லை. இதை நான் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அவளுடைய கொழும்பு இடம் எனக்கு ஞாபகம் வந்தது வாயைத் திறந்த பிறகுதான்.

"விடை ஒன்பதெண்டு வந்ததைப் பாத்தன், சேர். ஒன்பது எப்பிடி வருமெண்டு கையால போட்டுப் பாத்தன். வலப்பக்கத்தில இருந்து கழிச்சாத்தான் வருமெண்டு விளங்கினது."

"நல்லது," என்றார் சேர். மூன்று வருடத்தில் அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டது அன்றுதான். "உங்கட கொம்பைலரில நான் ஒண்டும் வெட்டேல்லை. வெட்டத் தேவை வரேல்லை. தன்ர பிழையைத் தானே கண்டுபிடிக்கிறதுதான் இந்தப் பாடம். ரெண்டு பேரும் பாஸ். மிச்சத்தைக் கடிதத்தில அனுப்புவினம்."

சேர் இதை வாசித்தால் வாசிக்கட்டும். அந்த 'நல்லது' என்னுடையதல்ல. எத்தனையோ தரம் மின்னஞ்சல் எழுதத் தொடங்கி அழித்திருக்கிறேன்.

அப்பா கானைத் தலைகீழாகத் தொங்கவிட்டபடி மணலில் வந்துகொண்டிருந்தார். மண்ணெண்ணெய் வரவில்லை. தூரத்திலேயே என் முகத்தைப் பார்த்தார்.

"பாஸப்பா," என்றேன்.

அவர் கானைக் கீழே வைத்துவிட்டுப் பற்றரியின் மேல் படிந்த மணலைக் கையால் தட்டினார். "பாத்தியா, இது நிண்டு பிடிச்சிருக்கு," என்றார். அவருக்குச் சந்தோசம் வந்தால் சாமான்களைத்தான் புகழுவார். நான் கடலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

தொலைபேசி அடித்தது. ரிஸ்னா. கரையோரமாக நடந்துபோய் எடுத்தேன்.

"பாஸ்டி," என்றேன். குரலைக் கலகலப்பாக வைத்துக்கொள்ளப் பார்த்தேன்.

"ஓம். அல்ஹம்துலில்லாஹ்."

பிறகு அவள் பக்கத்தில் யாரோ விறகு கொத்துகிற சத்தம் மட்டும் கேட்டது. லைன் அறுந்துவிட்டதோ என்று பார்த்தேன். அறவில்லை.

"ஜெசி, சேர்ட லைன் கட்டாகக்குள்ள நீ சொன்னது எனக்குக் கேட்டது. முழுசாக் கேட்டது."

என் கால் தண்ணீருக்குள் நின்றது. எப்போது இறங்கினேன் என்று தெரியவில்லை.

"நானாட்டானில நீ சொன்னது பொய்யெண்டும் இப்பத்தான் விளங்குது. அதை விடு. நான் சேருக்கு ஒண்டும் சொல்லமாட்டன், எனக்கும் கொழும்புக்குப் போகணும். ஒண்டே ஒண்டு மட்டும் கேக்கிறன்." அவள் மூச்சை இழுத்துவிடுவது கேட்டது. "உனக்காகத்தான் உண்மையை ரெண்டாந்தரம் சொல்லாம விட்டனான் எண்டு மட்டும் எனக்கிட்டச் சொல்லிடாத."

அதைச் சொல்லத்தான் நான் வாயைத் திறந்திருந்தேன்.